முப்பதாம் நம்பர் கம்பி

கம்பியில் கட்டிப் பறக்கவிடுகிற விமானம் என்றால் அது பட்டத்துக்குத் தம்பி என்றுதான் ராஜபாளையத்தில் பலரும் நினைத்திருந்தார்கள். சோணைமுத்துவிடம் அப்படி யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போச்சு. அவர் விளக்கி முடிப்பதற்குள் சொன்னவனுக்கு பஸ் போய்விடும்.

பட்டத்துக்குக் கயிறு ஒன்று. இதற்குக் கம்பி இரண்டு. மைதானத்தின் நடுவில் நிற்கிற ஆள் கையில் மரத்தாலான ஒரு பிடி இருக்கும். பிடியின் மேல் நுனியிலிருந்து ஒரு கம்பி, கீழ் நுனியிலிருந்து ஒரு கம்பி. இரண்டும் போய் விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கிற முக்கோணத் தகட்டில் மாட்டியிருக்கும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் வால் அசைந்து விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். அது வட்டம் போடப் போட, நடுவில் நிற்கிறவரும் கூடவே சுற்ற வேண்டும். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் முதல்முறை இதைப் பார்த்துவிட்டு, பட்டாளத்துக்காரருக்குச் சாமி வந்துவிட்டது என்று ஊருக்குள் போய்ச் சொன்னதும் உண்டு.

சோழபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சோணைமுத்து. பதினெட்டு வயதில் விமானப் படைக்குப் போனார். இறக்கைக்கும் உடலுக்கும் பழுது பார்க்கிற ஃபிட்டர் வேலை. ஓய்வு நேரத்தில் படை முகாமில் சிறிய விமானங்கள் செய்து பறக்கவிடக் கற்றுக்கொண்டார். எண்பத்திரண்டில் பணி முடிந்து திரும்பியபோது, மற்றவர்கள் ரேடியோவும் கம்பளியும் கொண்டுவந்தார்கள், இவர் உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு எஞ்சின்களைக் கொண்டுவந்தார். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. பஞ்சைப் பிரித்து உதறுகிற பகுதி. உள்ளே போனால் புருவமெல்லாம் வெள்ளையாகித்தான் வெளியே வருவார். ராத்திரியில் இருமல் அவரைத் தூங்கவிடாது.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மூச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாயில் தண்ணீர் வற்றியதும், சைக்கிள் கேரியரில் விமானத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒற்றை ஆளாய் அல்ல. இந்த விளையாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நடுவில் பிடியைப் பிடிக்க, இன்னொருவர் அந்தக் கோடியில் எஞ்சினைக் கிளப்பி, விமானத்தைப் பிடித்திருந்து, தலையசைத்ததும் விட வேண்டும். அந்த இன்னொருவன்தான் சுந்தரபாண்டியன், மனைவி வெள்ளத்தாயின் தம்பி.

வெள்ளத்தாய்க்கு அவன் தம்பி மட்டுமில்லை, பிள்ளை மாதிரி. தாய் செத்தபோது அவன் நடை பழகிக்கொண்டிருந்தான். இடுப்பில் வைத்து வளர்த்தவள் இவள்தான். அவனுக்கு இடக்கைப் பழக்கம். இடக்கையால் சோற்றில் கைவைக்கிற போதெல்லாம் அவள் அகப்பைக் காம்பால் அடித்து, சாப்பாட்டை மட்டும் வலக்கைக்கு மாற்றினாள். மற்றதெல்லாம் இடக்கைதான். கல்யாணத்துக்குப் பிறகு அவனும் கூடவே வந்து சோணைமுத்துவின் வீட்டில் வளர்ந்தான். பி.ஏ. படித்தான். வேலை கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டிலும் அவன் நிலைக்கவில்லை.

“அத்தான், என்னைய மட்டும் நம்பி விடுங்க. ஏரோப்ளேனை ஆட்டுக்குட்டி கணக்கா பிடிச்சுக்கிடுதேன்” என்பான். சோணைமுத்துவும் நம்பினார். அது என்ன சின்ன நம்பிக்கையா? சுழல்கிற விசிறிக்குப் பக்கத்தில் அவன் விரல், கம்பியின் மறுகோடியில் இவர் கை. மச்சினனிடம் இப்படி முழுசாக ஒப்படைத்த மனுஷனை நான் பார்த்ததில்லை. அவனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். எதையும் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவருக்கு வினையாகப் போனது.

கற்றுக்கொடுத்ததில் பாதி, கம்பி பற்றிய சங்கதி.

முதலில் தூண்டில் நரம்பைக் கட்டிப் பார்த்தார்கள். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டது. கை சொல்வது விமானத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் விமானம் தரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு மதுரையில் இசைக்கருவி விற்கிற கடையில் வீணைக்குப் போடுகிற எஃகுக் கம்பி சுருளாகக் கிடைப்பது தெரிந்தது. கம்பிக்கு நம்பர் உண்டு, நம்பர் கூடக்கூடக் கம்பி மெலியும். சிறிய எஞ்சினுக்கு முப்பத்து மூன்றாம் நம்பர், பெரிய ஒன்றரை சி.சி. எஞ்சினுக்கு முப்பதாம் நம்பர் என்று சோணைமுத்து தேர்ந்துகொண்டார். கம்பி தடிமனாக இருந்தால் தன் கனத்திலேயே தொய்யும், காற்றை வெட்டவும் திணறும், விமானம் செக்கு மாடு போல இழுத்துக்கொண்டு போகும். மெலிந்தால் விமானம் துள்ளும். துள்ளலைப் பார்த்து மயங்கி மெல்லிய கம்பி போட்டால், ஒருநாள் அறுந்து போகும்.

நீளமும் அப்படித்தான். குட்டையாக இருந்தால் வட்டம் சிறுத்து, நாலு சுற்றில் தலை கிறுகிறுக்கும். நீண்டால் எஞ்சினுக்குச் சுமை, காற்று எதிர்த்து அடிக்கிற பக்கம் வரும்போது கம்பி தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பிக்கு எந்தக் கையும் கட்டளையிட முடியாது. பெரிய எஞ்சினுக்கு நாற்பத்திரண்டு அடி என்று வைத்திருந்தார். ஆடி மாசம் மலைக்காற்று இறங்கி வீசத் தொடங்கினால் அதிலும் ஆறடி குறைத்துக்கொள்வார்.

கம்பிச் சுருளில் ஒட்டியிருக்கிற நம்பரை அவர் நம்ப மாட்டார். ஒரு பென்சிலில் இருபது சுற்று நெருக்கமாகச் சுற்றி, ஸ்கேலை வைத்து அளப்பார். ஆறு மில்லிமீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் வந்தால் முப்பது. ஐந்தில் நின்றால் முப்பத்து மூன்று.

இன்னும் இரண்டு வழக்கம் வைத்திருந்தார்கள். கம்பியின் முனையை வளையமாக மடித்து, மெல்லிய செம்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். அதில் மேல் கம்பியின் முனைகளை சோணைமுத்து கட்டுவார், கீழ்க் கம்பியின் முனைகளை சுந்தரபாண்டியன் கட்டுவான். எப்போதும் ஆளுக்கு ஒன்று. பறக்கவிடுவதற்கு முன்னால், அவன் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, இவர் பிடியை இழுத்துப் பார்ப்பார். விமானத்தின் எடையைப் போலப் பத்து மடங்கு இழுப்பைக் கம்பி தாங்க வேண்டும். இதைச் செய்யாமல் அவர்கள் ஒருநாளும் எஞ்சினைத் தொட்டதில்லை.

எண்பத்தாறில் ஒரு செய்தி வந்தது. பக்கத்தில் புதிதாக வந்த கல்லூரி ஒன்றில் என்.சி.சி. விமானப் பிரிவு தொடங்குகிறார்கள், மாணவர்களுக்குச் சிறிய விமானம் செய்யவும் பறக்கவிடவும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். அதிகாரி ஒருவர் வந்து, பறக்கவிடுவதை நேரில் பார்த்து முடிவு செய்வார்.

சோணைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சுத் தூசிக்கு ஒரு கும்பிடு. வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கிற வேலை. “கிடைச்சிட்டா இந்த இருமலையும் மில்லு வாசல்லயே விட்டுட்டு வந்துருவேன்” என்று வெள்ளத்தாயிடம் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு, “நம்ம பாண்டிக்கும் ஒரு வழி பண்ணணுங்க. வயசு போயிட்டே இருக்கில்லா” என்றாள்.

“நான் உள்ள போயிட்டா அவனை உதவிக்கு வச்சுக்கிடலாம்லா” என்றார்.

“வச்சுக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

புது விமானம் தயாரானது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டை அதற்கு அடித்தார். புதுக் கம்பி வெட்டினார்கள். முப்பதாம் நம்பர், நாற்பத்திரண்டு அடி. மேல் கம்பியை இவர் கட்டினார், கீழ்க் கம்பியை அவன் கட்டினான். தகட்டுச் சக்கரத்தில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் அவருக்கு மில்லில் விடுப்பு. கம்பியை எடுத்து இன்னொரு தடவை துடைத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தவரை வெள்ளத்தாய் எழுப்பினாள்.

“அதெல்லாம் பாண்டி பாத்துக்கிடுவான். நீங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயி ஆண்டாளுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வாங்க. நல்ல காரியத்துக்குப் போறோம், வெறுங்கையோட போவக்கூடாது” என்றாள். பூவும் தேங்காயும் எடுத்துப் பையில் போட்டு, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

அவர் போனார். கூட்டத்தில் வரிசையில் நின்று, தன் பெயர் சொல்லி, வெள்ளத்தாயின் பெயர் சொல்லி, சுந்தரபாண்டியனின் பெயரும் சொல்லி அர்ச்சனை செய்தார். துளசியை வேட்டி முடிச்சில் பத்திரமாக முடிந்துகொண்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பினார்.

மறுநாள் கல்லூரி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முதல்வர் வந்து கைகொடுத்தார். அதிகாரி, சோணைமுத்து எந்தெந்த முகாமில் இருந்தார் என்று விசாரித்துப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். பழைய முகாம்களின் பெயரைக் கேட்டதும் இவருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் சுந்தரபாண்டியன் கம்பியை விரித்து, இரண்டு முனையிலும் மாட்டி முடித்திருந்தான்.

“இழுத்துப் பாக்கணுமே மாப்ள?”

“நானே கம்பத்துல மாட்டி இழுத்துப் பாத்துட்டேன் அத்தான். கல்லு மாதிரி இருக்கு. அவிய காத்துட்டு இருக்காக, நீங்க பிடியை எடுங்க.”

எடுத்தார். அத்தனை வருஷத்தில் முதன்முறையாக, தன் கையால் இழுத்துப் பார்க்காமல், ஒரு வாய்ச்சொல்லை நம்பி எடுத்தார்.

எஞ்சின் உறுமியது. ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்த அந்த வாசனை மைதானம் முழுக்கப் பரவியது. அவர் தலையசைக்க, அவன் விட்டான். மஞ்சள் விமானம் எழும்பிய வேகத்தைப் பார்த்து சோணைமுத்துவே அசந்துபோனார். கையில் இவ்வளவு லேசாக எந்த விமானமும் ஒருநாளும் இருந்ததில்லை. இன்றைக்கு ஆண்டாள் கூட இருக்கிறாள் என்று நினைத்தார், பாவம். நிமிர்த்தினார், படுக்க வைத்தார், தலைகீழாகத் திருப்பி ஒரு வளையம் போட்டார். கைதட்டல் கேட்டது. இரண்டாவது வளையத்தின் உச்சியில் பிடி ஒருமுறை வெடுக்கென்று அதிர்ந்து, மேல்பக்கம் வெறுமையாகிவிட்டது.

மேல் கம்பி அறுந்திருந்தது. விமானம் தறிகெட்டுச் சரிந்து, ஷாமியானாத் துணியைக் கிழித்துக்கொண்டு முதல்வரின் மேசைக்கு முன்னால் விழுந்து நொறுங்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அலறிவிட்டார்கள்.

அதிகாரி வந்து அறுந்த கம்பியை எடுத்தார். “என்ன நம்பர் போட்டீங்க?”

“முப்பது சார்.”

அதிகாரி பையிலிருந்து ஒரு அளவுத் தகட்டை எடுத்து, கம்பியை நுழைத்துப் பார்த்தார். “இது முப்பத்து மூணு.”

சோணைமுத்து கம்பிக்குக் கையை நீட்டினார். அப்போது பின்னாலிருந்து சுந்தரபாண்டியனின் குரல் வந்தது. “நான் அப்பவே சொன்னேன் சார். மெல்லிசு வேண்டாம்னு. வேகம் காட்டணும்னு அவுகதான் கேக்கல.”

இத்தனை பேர் முன்னால், வளர்த்தவரைக் காட்டி, கண் இமைக்காமல் சொன்னான். அதிகாரி சோணைமுத்துவின் முகத்தைக் கூடப் பார்க்காமல் ஜீப்புக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரபாண்டியன் அழுதான். “பயத்துல ஒளறிட்டேன் அத்தான். என்ன பேசுறேன்னே தெரியல.” சோணைமுத்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறெரிகிறது. தப்பு தன்னுடையதுதான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். இரண்டு சுருளும் ஒரே பெட்டியில் கிடந்தன, வேலை கிடைக்கிற சந்தோஷத்தில் மாற்றி வெட்டியிருப்போம், பென்சிலில் சுற்றிப் பார்த்தோமா இல்லையா என்று தன்னைத்தானே குடைந்துகொண்டார். நொறுங்கிய விமானத்தையும் கம்பியையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். மறுபடி பஞ்சுத் தூசிக்குள் போனார்.

அடுத்த மாசம் கல்லூரியில் அந்த வேலை சுந்தரபாண்டியனுக்குக் கிடைத்தது. பி.ஏ. படித்தவன், பாதுகாப்பு பற்றிப் பொறுப்பாகப் பேசினான் என்று அதிகாரிக்குப் பிடித்துவிட்டதாம். அவனும் மனு போட்டிருந்தான் என்பதே சோணைமுத்துவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவன் சட்டை தைக்கக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்த நேரம், அவர் பரணிலிருந்து சாக்கை இறக்கினார். அறுந்த கம்பியை எடுத்தார். பென்சிலில் சுற்றினார். ஐந்து மில்லிமீட்டர். தெரிந்ததுதான். பிறகு முனையைப் பார்த்தார். செம்புக் கம்பி சுற்றிய முனை.

வலக்கைக்காரன் சுற்றினால் சுற்று ஒரு பக்கம் சாய்ந்து ஏறும், இடக்கைக்காரன் சுற்றினால் மறுபக்கம். கீழ்க் கம்பியின் சுற்று இடப்பக்கம் ஏறியிருந்தது. அது அவனுடைய கம்பி, அப்படித்தான் இருக்க வேண்டும். மேல் கம்பியைப் பார்த்தார். அதுவும் இடப்பக்கம்தான் ஏறியிருந்தது.

மேல் கம்பி அவருடையது. அவர் கட்டிய கம்பி அங்கே இல்லை. அறுந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பியை இடுக்கியால் மடக்கி மறுபடி நிமிர்த்திய தடம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

அவர் கம்பியைப் பென்சிலோடு அப்படியே ஒரு துணியில் சுற்றி வைத்தார். கழுத்தை அறுத்தவன் வெளியாள் என்றால் நாலு பேரைக் கூட்டியிருப்பார். இது அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. தெரிந்தால் வெள்ளத்தாய் உடைந்துபோவாள், அவள் காதுக்கு இது போகவே கூடாது என்று நினைத்தார். மாசக்கணக்கில் அவளிடமிருந்து அதை மறைத்தார். ராத்திரி அவள் முதுகைத் தடவிவிட, அவர் இருமிக்கொண்டே, அவளுக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

சுந்தரபாண்டியன் கல்லூரிப் பக்கமே தனி வீடு பார்த்துக்கொண்டு போனான். தீபாவளிக்குப் பால்கோவாப் பெட்டியோடு வந்தான். உட்கார்ந்து செத்த நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு மெல்ல ஆரம்பித்தான்.

“அத்தான், காலேஜ்ல ரெண்டரை சி.சி. எஞ்சின் வாங்கிட்டாக. அதுக்குக் கம்பி எம்புட்டு நீளம் போடணும்? என்ன நம்பர் போடணும்? நம்ம ஒன்றரை வரைக்கும்தானே போட்டுருக்கோம்.”

சோணைமுத்து எழுந்து உள்ளே போனார். துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்து, கம்பி சுற்றிய பென்சிலைப் பால்கோவாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இடப்பக்கம் ஏறிய செம்புச் சுற்று மேலே தெரிந்தது. சுந்தரபாண்டியன் அதைப் பார்த்தான், முகம் வெளுத்தது.

தண்ணீர்ச் செம்போடு வந்த வெள்ளத்தாயும் பார்த்தாள். அவளுக்கு இந்த விவகாரம் தெரியக் கூடாது என்று சோணைமுத்து அவசரமாகக் கையை நீட்டிப் பென்சிலை மறைக்கப் போனார். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“உங்களுக்கு மில்லு இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு?”

யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. என்ன கம்பி, யார் கட்டியது என்று யாரும் சொல்லவும் இல்லை. சோணைமுத்துவின் கை நடுவிலேயே நின்றது. பூவும் தேங்காயும் எடுத்து வைத்த பை ஞாபகம் வந்தது. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியது ஞாபகம் வந்தது. கோயில் வரிசையில் நின்று மூன்று பேர் பெயரையும் தான் சொன்னது ஞாபகம் வந்தது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் சுந்தரபாண்டியனிடம் திரும்பினார். “அம்பத்திரண்டு அடி. இருபத்தெட்டாம் நம்பர். முனையை நீ கட்டாத, பயலுக கட்டட்டும். ஒவ்வொரு தடவையும் பிடிக்கிறவன் தன் கையால இழுத்துப் பாக்கணும். அடுத்தவம்பிள்ளைக நிக்கிற இடம் அது.” சொல்லிவிட்டு எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பால்கோவா யாரும் தொடாமல் காய்ந்தது.

அவர் வீட்டை விட்டுப் போகவில்லை, சண்டை போடவில்லை. மில்லுக்குப் போனார், சம்பளத்தைக் கொடுத்தார், வைத்ததைச் சாப்பிட்டார். ராத்திரி இருமல் வந்தால் எழுந்து தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். முதுகைத் தடவ அவள் நீட்டுகிற கைக்கு எட்டாத தூரம் அது.

தொண்ணூறுகளில் கண்மாய் வற்றுகிற நாட்களில், பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற பக்தர்கள் வழியில் நின்று அவரை வேடிக்கை பார்ப்பார்கள். ஆள் தனியாகத்தான் வருவார். தரையில் ஒரு முளையை அடித்து, விமானத்தின் வாலை அதில் ஒரு கொக்கியால் மாட்டி, கொக்கியில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி நடுவட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வருவார். முதலில் பிடியை இழுத்துப் பார்ப்பார், முளை அசையாது. பிறகு போய் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓடிவந்து, ஒரு கையில் பிடி, மறுகையில் கயிறு. கயிற்றைச் சுண்டினால் கொக்கி விடும், விமானம் கிளம்பும். இரண்டு கம்பியின் முனைகளையும் அவரே கட்டியிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தாய் அவருக்குத் தெரியாமல் பஸ் பிடித்து அங்கே வந்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டு மூச்சு வாங்க ஓடுவதையும், நடுவில் நின்று இருமுவதையும் பார்த்தாள். விமானம் தரையிறங்கி, அவர் அதை மறுபடி முளையில் மாட்டிக்கொண்டிருந்தபோது கண்மாய்க்குள் இறங்கி, விமானத்துக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“இம்புட்டு தூரம் எதுக்கு ஓடுதீய? நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க சொன்னதும் விட்டுருதேன்” என்றாள்.

சோணைமுத்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, அது எப்போதோ வடிந்துவிட்டது.

“வேண்டாம். முளை இருக்கு” என்று சொல்லிவிட்டு, கம்பியை மிதித்துவிடாதபடி அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்.